மூன்று நிமிடத்தில் உங்கள் ஆய்வைச் சொல்ல முடியுமா?

பல்கலைக்கழக ஆய்வரங்குகளில் இளங்கலை மாணவர்களுக்குப் பெரும்பாலும் கிடைக்கும் முதல் வாய்ப்பு, ஒரு சுவரொட்டியும் அதன் அருகில் நின்று பேசும் சிறு அறிமுக உரையும்தான். ஆறாம் படிவத்தில் இடுபணி படைக்கும் மாணவர்களுக்கும் இந்தப் பயிற்சி உதவும்.

குறுகிய நேரத்தில் ஆய்வைச் சொல்லும் 'மூன்று நிமிட ஆய்வுரை' போட்டி 2008-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. அந்தக் காலத்தில் அம்மாநிலத்தில் கடும் வறட்சி. தண்ணீரை மிச்சப்படுத்த, குளியலறைச் சுவரில் மூன்று நிமிட மணல் கடிகாரத்தை மாட்டி வைத்து மக்கள் குளித்தார்கள். அதைக் கண்டு பேராசிரியர் ஆலன் லாசனுக்குப் பிறந்த யோசனை இது. 80,000 சொற்கள் கொண்ட ஆய்வேட்டை முழுதாக எடுத்துரைக்க ஏறக்குறைய 9 மணி நேரமாகும். போட்டியிலோ அசையாத ஒரே படம்தான் காட்டலாம். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் நீக்கம். இன்று மலேசியப் பல்கலைக்கழகங்களிலும் இப்போட்டி நடக்கிறது.

சுவரொட்டிக்கும் இதே சிக்கனம் தேவை. 2019-இல் மைக் மோரிசன் என்ற அமெரிக்க ஆய்வு மாணவர் ஒரு புதிய அமைப்பை முன்வைத்தார். ஆய்வின் முடிவு எளிய மொழியில், பெரிய எழுத்தில் நடுவில் இருக்க வேண்டும். விவரங்கள் ஓரங்களுக்குப் போகும். முழுக் கட்டுரை வேண்டுவோர் கியூஆர் குறியீட்டை வருடிக்கொள்ளலாம்.

நமக்குத் தெரிந்த பால்மரத்தையே எடுத்துக்கொள்வோம். 'ரப்பர் பால் ஒழுக்கில் நேரக் காரணியின் தாக்கம்' என்று தலைப்பிட்டால் பலர் நிற்காமல் போய்விடுவார்கள். 'விடியுமுன் சீவினால் பால் அதிகம்' என்று எழுதினால் நின்று காரணம் கேட்பார்கள். இரவில் மரத்துக்குள் நீரழுத்தம் உயர்ந்திருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் வழியே நீர் ஆவியாகி, அழுத்தம் குறையும். பால் வடிவதும் குறையும்.

உரையை இப்படிப் பிரிக்கலாம்:

முதல் அரை நிமிடம் கேள்வி: பாட்டி ஏன் இருட்டிலேயே மரம் சீவப் போனார்?

அடுத்த ஒரு நிமிடம் முறை: எந்தெந்த நேரத்தில், எத்தனை மங்குப் பாலை அளந்தீர்கள்?

அடுத்த ஒரு நிமிடம் முடிவும் காரணமும்.

கடைசி அரை நிமிடம் பயன்: இது யாருக்கு உதவும்?

மேடையில் மலாயிலோ ஆங்கிலத்திலோ பேச வேண்டியிருந்தாலும், முதலில் வீட்டில் தமிழில் சொல்லிப் பாருங்கள். பாட்டி "புரியலையே" என்று நிறுத்தும் இடத்தில் பெரும்பாலும் நமக்கே தெளிவு இருக்காது. அதைச் சரிசெய்த பிறகு மொழிமாற்றினால் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவை குறையும். இடையில் ஒரு சொல் மறந்தாலும் கருத்து மறக்காது.

கோலா சாவா போன்ற தோட்டப்புறங்களில் வளர்ந்தவர்களுக்கு ஆய்வுப் பொருளுக்குப் பஞ்சமில்லை. பால்மரம் இருந்த இடத்தில் செம்பனை வந்தது, தோட்டத்தை விட்டுக் குடும்பங்கள் பட்டணம் போனது, பாட்டிமார் அறிந்த பச்சிலைகள் என எத்தனையோ உண்டு. அவற்றைக் கேட்டறிய வேண்டிய பெரியவர்கள் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். இந்த விடுமுறையிலேயே அவர்களிடம் கேட்கத் தொடங்குங்கள், மாணவர்களே.