கரை ஒதுங்கியவை – 9: பெலங்காஸ் ஜோடி

தோட்டத்துக் கால்வாயில் எறிந்தது லிங்கி ஆற்றோடு போய்க் கடலில் சேரும் கதையைப் போன வாரம் சொன்னேன். பொறுக்கிய குப்பையை எண்ணிக் கணக்கெழுதும் முறையை இந்த வாரம் எழுதுவதாக வாக்கு. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போர்ட்டிக்சன் கரையில் பார்த்த ஒன்று என்னை விடமாட்டேன் என்கிறது.

பௌர்ணமிக்கு மறுநாள் காலை. கடல் வற்றியிருந்தது. லுக்குட் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து வேன் நிறைய ஆட்கள் சாக்கும் கையுமாகக் குப்பை பொறுக்க வந்திருந்தார்கள். மணலில் பாதி புதைந்த நைலான் வலையை இழுத்தோம். கனத்தது. உள்ளே கவிழ்த்த சட்டிபோல் இரண்டு ஓடுகள், ஒன்றின்மேல் ஒன்று. பெலங்காஸ், அதாவது குதிரைலாட நண்டு!

ஓர் இளைஞர் வாலைப் பிடித்துத் தூக்கப் போனார். "வேணாம்ப்பா, ஒடிஞ்சிரும். கவுந்தா அதைத்தான் ஊனி எந்திரிக்கும்" என்றார் முப்பது வருடம் பால்மரம் வெட்டிய ஓர் அக்கா. மணலில் உட்கார்ந்து, காலைச் சுற்றிய இழைகளை ஒவ்வொன்றாக அறுத்தார். அரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் மேலிருந்த ஆண், பெண்ணின் ஓட்டை விடவேயில்லை.

பிரியாத ஜோடியைப் பெலங்காஸ் மாதிரி என்பார்கள் மலாய்க்காரர்கள். அது வெறும் உவமை இல்லை என்று அன்றுதான் கண்ணால் கண்டேன். ஆணின் முன்னங்கால்கள் கொக்கிபோல் அமைந்தவை. அவற்றால் பற்றிக்கொண்ட ஆணைப் பெரிய உடம்புக்காரியான பெண்தான் சுமந்து வருகிறாள். அமாவாசை, பௌர்ணமிப் பெருக்கில் கரையேறி, மணலைத் தோண்டி முட்டையிடுகிறாள்.

தமிழில் குதிரைலாட நண்டு என்கிறோம். உண்மையில் அது நண்டே இல்லை. சிலந்திக்கும் தேளுக்கும் உறவு. இதன் குலத்துப் புதைபடிவங்கள் சுமார் 44 கோடி வருடம் பழையவை. டைனோசர்கள் அதற்கு வெகுகாலம் பிந்தித்தான் வந்தன. செம்பு கலந்திருப்பதால் இரத்தம் நீலம். கிருமி பட்டால் அந்த இரத்தம் உறைந்துவிடுவதை 1956-ல் ஃபிரெடெரிக் பேங் எழுதினார். அதிலிருந்து பிறந்த சோதனைதான் ஊசிமருந்திலும் தடுப்பூசியிலும் கிருமிநஞ்சு உண்டா என்று பார்க்க உலகெங்கும் பயன்பட்டது. பிள்ளைக்குத் தடுப்பூசி போட்ட ஒவ்வொரு தாயும் இந்த உயிருக்குக் கடன்பட்டவள் என்றே நினைக்கிறேன்.

உலகில் இருப்பது நான்கே இனம். மூன்று மலேசியாவில் உண்டு. மலாக்கா நீரிணையில் இரண்டு. வால் முக்கோணமாக இருந்தால் மணற்கரையில் முட்டையிடும் பெரிய இனம். உருண்டையாக இருந்தால் சதுப்புநிலச் சேற்றில் வாழும் சிறியது. இந்தச் சிறியதன் முட்டையில் விஷம் இருக்கலாம்; தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. அடையாளம் சொன்னது சமைப்பதற்காக இல்லை. இரண்டையுமே கடலில் விட்டுவிடுங்கள், தயவுசெய்து.

மணற்கரையில் முட்டையிடும் பெரிய இனத்துக்கு மணல் வேண்டும். கரையோரம் கல்லடுக்கி, சிமெண்டுச் சுவர் எழுப்பிவிட்டால் அந்தத் தாய் எங்கே தோண்டுவாள்? குப்பை பொறுக்குவதோடு நம் வேலை முடியவில்லை என்பதை அந்த ஜோடிதான் எனக்குப் புரியவைத்தது.

இழை முழுதும் அறுந்ததும் அக்கா இரண்டு கையாலும் ஓட்டின் ஓரத்தைத் தாங்கி நீரில் வைத்தார். பெண் நகர்ந்தாள், ஆணையும் சுமந்துகொண்டு.

அந்த வலைத்துண்டு இன்னும் என் வண்டியில்தான் கிடக்கிறது. வாக்களித்த குப்பைக் கணக்குத் தாளில் அதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்பதிலிருந்து அடுத்த வாரம் ஆரம்பிக்கிறேன்.