கண்ணாடி அடுப்பும் அதனைப் பேணும் முறையும்

மூன்று கற்களைக் கூட்டி விறகிட்டுச் சமைத்த காலந்தொட்டு அடுப்பானது பல மாற்றங்களை அடைந்து வந்துள்ளது. மண்ணடுப்பின் பின் மண்ணெண்ணெய் அடுப்பும், அதன்பின் வாயு அடுப்பும் மின்னடுப்பும் நம் அடுக்களைகளிற் புகுந்தன. இன்று கொழும்பின் மாடி வீடுகளிலும், இலண்டன், தொறன்ரோ முதலிய நகரங்களில் வாழும் நம் பழைய மாணவர் பலரின் இல்லங்களிலும், கறுத்துப் பளபளக்கும் கண்ணாடித் தட்டொன்றே அடுப்பெனும் பெயர் பெற்று விளங்குகின்றது.

இத்தட்டினை வாங்கியோர் சில திங்களுள் அதன் முகத்திற் கீறல்களையும், வெண்ணிற வளையங்களையும், சிறு குழிகளையும் கண்டு வருந்துகின்றனர். பொருள் மட்டமானது என்று சிலர் கூறுவர். துலக்கியது போதாது என்று வேறு சிலர் கூறுவர். பெரும்பாலும் இரண்டும் உண்மையல்ல. தீயை வெல்லும் இக்கண்ணாடி, மணலுக்கும் சீனிக்கும் தோற்கும் இயல்பினது. இவ்வியல்பை அறிந்தோர்க்கு அதனைப் பேணுதல் எளிது. அதனையே ஈண்டு விளக்க விழைகின்றோம்.

கண்ணாடியின் பிறப்பு

இக்கண்ணாடி தற்செயலாகத் தோன்றிய ஒன்றாகும். 1953 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் கோர்னிங் கண்ணாடித் தொழிலகத்தில் டொனால்ட் ஸ்ருக்கி என்னும் இரசாயன அறிஞர், ஒளியுணர் கண்ணாடித் துண்டொன்றை 600 பாகை சதமவளவைக்குச் சூடாக்க எண்ணி உலையில் இட்டார். உலையின் கட்டுப்பாடு தவறியமையால் வெப்பநிலை 900 பாகைவரை ஏறிவிட்டது. உருகி வழிந்த கண்ணாடியையே காண நேரும் என அவர் எண்ணினார். ஆனால் உருக்குலையாத வெண்ணிறத் தட்டொன்றே உலையினுள் இருந்தது. அதனை வெளியே எடுக்குங்கால் அது குறட்டினின்று நழுவி நிலத்தில் வீழ்ந்தது, வீழ்ந்தும் உடையவில்லை. கண்ணாடியினுள்ளே மிக நுண்ணிய பளிங்குகள் தோன்றியமையே அவ்வுறுதிக்குக் காரணமென்பது பின்னர்த் தெளிவாயிற்று.

இவ்வகைப் பொருளைக் கண்ணாடி மட்பொருள் என்று அழைக்கலாம். 1958 இல் இதனாலாகிய சமையற் பாத்திரங்கள் விற்பனைக்கு வந்தன. 1971 இல் ஜெர்மனியின் ஷொட் நிறுவனம் அடுப்புக்கெனவே ஆக்கிய தட்டினைச் சேரான் என்னும் பெயரில் வெளியிட்டது.

தீயை வெல்லும் வகை

பொருள்கள் சூடேறின் விரியும் என்பது கீழ் வகுப்பு மாணவரும் அறிந்த உண்மை. சாளரங்களுக்கு இடும் கண்ணாடியின் 30 சதமமீற்றர் நீளமான துண்டொன்றின் வெப்பநிலையை 400 பாகையால் உயர்த்தின், அது ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் நீளும். அத்துண்டின் நடுப்பகுதி சூடாகவும் ஓரம் குளிராகவும் இருப்பின், நடு விரிய முயல, ஓரம் அதனைத் தடுக்கும். இவ்விழுபறியினாலேயே சாதாரண கண்ணாடி வெடிக்கின்றது.

அடுப்புத் தட்டின் செய்தி வேறு. இலிதியம், அலுமினியம், சிலிக்கன் ஆகியவற்றின் ஒட்சைட்டுக்களே அதன் முக்கிய கூறுகள். அதனுள் நிறைந்துள்ள நுண்பளிங்குகள் சூடேறின் சிறிது சுருங்கும். அவற்றைச் சூழ்ந்துள்ள கண்ணாடியோ விரியும். ஒன்றன் விரிவை மற்றதன் சுருக்கம் ஈடு செய்தலால், முழுத்தட்டின் விரிவு ஏறக்குறையப் பூச்சியமாகின்றது. இதனாலேயே நான்கு மில்லிமீற்றர் தடிப்பே உள்ள தட்டொன்று, ஓரிடம் செந்நிறமாய் ஒளிர, அதனை அடுத்த இடம் கைபடத்தக்க சூட்டில் இருப்பினும் வெடியாது நிற்கின்றது.

மணலுக்குத் தோற்பது ஏன்?

நம் முன்னோர் பித்தளைப் பாத்திரங்களைச் சாம்பலும் செங்கற்றூளும் பழப்புளியும் இட்டுத் தும்பினால் தேய்த்துத் துலக்கினர். அஃது அப்பொருளுக்கு ஏற்ற முறையே. தேய்க்குந்தோறும் உலோகத்தின் மேற்படை சிறிது அகன்று புதிய முகம் தோன்றும். ஆகவே, வலிந்து தேய்ப்பதே துப்புரவு என்னும் எண்ணம் நம் மனத்தில் வேரூன்றிவிட்டது. கண்ணாடித் தட்டுக்கு இவ்வெண்ணமே பெரும்பகை.

மணலின் பெரும்பகுதி குவாட்சு என்னும் பளிங்காகும். மோசின் வன்மை அளவையில் அதன் எண் 7. அடுப்புக் கண்ணாடியின் வன்மை அதனிற் சற்றுக் குறைந்தது. வன்மை கூடிய பொருள் குறைந்ததைக் கீறும். எனவே, பாத்திரத்தின் அடியில் ஒட்டிய ஒரு மணலே தட்டிற் கோடிடப் போதியது. அடி கரடான மண்சட்டியும் வார்ப்பிரும்புத் தோசைக்கல்லும் இழுக்கப்படும்போது அவ்வாறே செய்யும். இவற்றைத் தூக்கி வைத்தல் வேண்டும்; இழுத்தல் ஆகாது. அடுப்பில் ஏற்றுமுன் பாத்திரத்தின் அடியைத் துடைப்பதும் நன்று. சாம்பல், செங்கற்றூள், உருக்குத் தும்பு, பரபரப்பான துலக்குந் தூள் ஆகியவற்றை அறவே விலக்குக.

சீனியின் தீங்கு

சீனிப்பாகோ, பனங்கட்டி கரைந்த பாலோ வழிந்து சூடான தட்டில் வீழ்ந்தால் அது கண்ணாடியை இறுகப் பற்றிக்கொள்ளும். பின்னர் அடுப்பு ஆறும்போது சீனி சுருங்கும், கண்ணாடியோ சுருங்காது. சுருங்கும் சீனி தான் பற்றிய கண்ணாடியின் சிறு துகள்களையும் பெயர்த்துக்கொண்டு எழும். அவ்விடத்துத் தோன்றும் குழியை எவ்வகை மருந்தாலும் நிரப்ப இயலாது. தீயை வெல்ல உதவிய குணமே, சீனியின் முன் குறையாகி விடுகின்றது.

ஆகவே, ஏனைய அழுக்குகளைத் தட்டு ஆறிய பின்னரே அகற்றல் வேண்டுமாயினும், சீனியை மட்டும் ஆறவிடலாகாது. உடனே ஆளியை நிறுத்துக. பாத்திரத்தை அகற்றுக. கைக்குத் தடித்த உறை அணிந்து, அலகு பொருத்திய சுரண்டியால், பாகு இளகிய நிலையில் இருக்கும்போதே குளிர்ந்த பக்கத்துக்கு வழித்து எடுக்க. உருகிய பிளாத்திக்குக்கும் அலுமினியத் தாளுக்கும் இம்முறையே பொருந்தும். இப்பணியைச் சிறுவரிடம் ஒப்படைத்தல் ஆகாது.

தைப்பொங்கலன்று பால் பொங்கி வழிதல் நமக்கு மங்கலம். ஆயினும் கண்ணாடி அடுப்பிற் பொங்குவோர், சர்க்கரை இட்டபின் பொங்கல் வழியாதபடி பெரிய பானையொன்றைத் தெரிந்து, சூட்டையும் தணித்துக்கொள்வது நலம்.

கறைக்கேற்ற மருந்து

கறைகள் யாவும் ஓரினத்தன அல்ல. அவற்றை இனம் பிரித்து அறிதலே துப்புரவின் முதற்படி.

எண்ணெய்த் துளிகளும் கறித்துளிகளும் அன்றாடம் வீழ்வன. தட்டு நன்கு ஆறியபின், சிறிது சவர்க்கார நீரில் நனைத்த மெல்லிய துணியால் துடைத்து, பின் தூய நீர்த்துணியாலும் உலர்ந்த துணியாலும் துடைத்தால் அவை நீங்கும். சவர்க்காரம் எஞ்சி நின்று மறுமுறை சூடேறின் அதுவே கறையாகும். ஆதலால் தூய நீரால் துடைத்தல் இன்றியமையாதது.

கருகி ஒட்டிய உணவுக்கு அப்பச்சோடா உதவும். அதனைச் சிறிது நீரிற் குழைத்துப் பூசி, ஈரத்துணியால் மூடிச் சிறிது நேரம் ஊறவிட்டு மெல்லத் துடைக்க. அப்பச்சோடா கண்ணாடியினும் மிக மென்மையானது, ஆதலின் கீறாது. அதற்கும் அசையாத கறையை அலகினாற் சுரண்டலாம். அலகைத் தாழச் சாய்த்துப் பிடித்தல் வேண்டும். அதன் மூலை தட்டிற் படலாகாது. துருப்பிடித்த அலகும் பல்விழுந்த அலகும் உதவா.

வெண்ணிற வளையம் நீரினால் வருவது. யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணக்கற் பாறையிடை ஊறுவது, ஆதலால் வன்னீராகும். கேத்தலின் உட்புறத்துப் படியும் வெண்படை எதுவோ அதுவே தட்டிற் காணும் வளையமும்: கல்சியங் காபனேற்று. இதனைச் சவர்க்காரம் கரைக்காது, அமிலம் கரைக்கும். வினாகிரியையோ தேசிக்காய்ச் சாற்றையோ தடவிச் சில நிமிடம் விட்டுத் துடைத்தால் வளையம் மறையும்.

வினாகிரியையும் அப்பச்சோடாவையும் ஒன்றாகக் கலந்து இடுவோர் உளர். நுரை எழும், ஆயின் அமிலமும் காரமும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளுதலால் பயன் குன்றும். வெவ்வேறு வேளையில், வெவ்வேறு கறைக்கு இடுதலே முறை. குளோரீன் கலந்த வெளிற்றும் நீருடன் வினாகிரியை ஒருபோதும் கலத்தலாகாது. நச்சுத்தன்மையுடைய குளோரீன் வாயு வெளிப்படும். வெளிற்றும் நீரையும், அமோனியா சேர்ந்த சாளரத் துடைப்பு நீரையும் இவ்வடுப்புக்கு இடாதிருத்தலே நன்று.

நரைநிறக் கோடுகளைக் கீறல் என மயங்குதல் கூடும். அவை பெரும்பாலும் அலுமினியத் தாச்சியின் அடி தேய்ந்து பதிந்த உலோகத் தடங்களேயாம். இவ்வடுப்புகளுக்கென விற்கப்படும் பசையால் அவற்றை அன்றன்றே அகற்றலாம். மேலும் மேலும் சூடேறின் அகற்றல் அரிதாகும்.

பெயர் ஒன்று, பொருள் வேறு

இங்கு ஓர் எச்சரிக்கை வேண்டற்பாலது. நம் நாட்டில் விற்கப்படும் வாயு அடுப்புகள் பலவற்றின் மேற்றட்டும் கண்ணாடியே. ஆயின் அது மேற்கூறிய கண்ணாடியன்று. சாதாரண கண்ணாடியைச் சூடாக்கிக் காற்றினால் விரைந்து குளிர்வித்து வன்மையூட்டப்பட்டதாகும். அதன் மேற்படை எப்பொழுதும் நெருக்கப்பட்ட நிலையில் இருத்தலே அதற்கு வலிமை. ஆழமான கீறலோ ஓரத்திற் பட்ட அடியோ அப்படையை ஊடறுத்தால், முழுத்தட்டும் ஒரே கணத்திற் சிறு மணிகளாய்ச் சிதறும். சூடான நிலையிற் குளிர்நீர் ஊற்றுதலும் அதற்கு ஆகாது. ஆதலின் அத்தட்டுக்கு அலகுச் சுரண்டி வேண்டாம். ஆறியபின் சவர்க்கார நீரும் மென்றுணியுமே போதும். சுவாலை தட்டின்மேற் படராதவாறு பாத்திரத்தின் அளவையும் நோக்குதல் வேண்டும்.

உயிர்க் காப்பு

மின்னால் இயங்கும் கண்ணாடி அடுப்பின் செந்நிறம் மறைந்தபின்னும் அதன் சூடு நெடுநேரம் நிற்கும். சூடுள்ளமையைக் காட்டும் சிறு விளக்கு அணையும்வரை அதிற் கைவைத்தலும், ஈரத்துணி இடுதலும் ஆகா. ஈரத்துணியால் கண்ணாடிக்குக் கேடில்லை; எழும் நீராவியால் நம் கைக்கே கேடு. சிறு குழந்தைகளும் பார்வை குன்றிய முதியோரும் உள்ள இல்லத்தில் இதனை எல்லோருக்கும் அறிவித்து வைத்தல் கடமையாகும். அடுப்பிற்கு நேர் மேலே தட்டமைத்துப் போத்தல்களை அடுக்குதலும் தகாது. கனமான போத்தலொன்று மேலிருந்து வீழின் உறுதியான தட்டும் உடையக்கூடும்.

தட்டில் மயிரிழை போன்ற வெடிப்பொன்று காணப்படினும் அவ்வடுப்பிற் சமைத்தலை உடனே நிறுத்துக. வழியும் நீர் வெடிப்பினூடாக உள்ளிருக்கும் மின்கம்பிகளை அடையின், அந்நீரைத் தொடுவோரை மின் தாக்கும். தலைமை ஆளியை நிறுத்தி, தேர்ந்த தொழிலறிஞரை அழைத்துத் தட்டை மாற்றுவித்தலே செய்யத்தக்கது. பசையிட்டு ஒட்டிப் பயன்படுத்த முயலல் கூடாது.

விரிவு, வன்மை, அமிலம், காரம் என வகுப்பறையில் நாம் கற்றவையே மேலே கூறிய விதிகள் அனைத்துக்கும் அடிப்படையாய் அமைந்துள்ளன. அன்று பரீட்சைக்கெனப் படித்தவற்றை இன்று அடுக்களையிற் கைக்கொள்வோமாயின், அடுப்பும் நெடுங்காலம் நிலைக்கும். அதன் முன் நின்று சமைப்போர்க்கும் இடர் நேராது. இன்று பயிலும் மாணவரும் தத்தம் வீட்டு அடுப்பு எவ்வகைக் கண்ணாடியினால் ஆயது என்பதை அறிந்து, வீட்டாருக்கு எடுத்துரைப்பாராக.