பெட்டியைப் பிடுங்கும் ஊர்

மட்டாஞ்சேரி யூதத் தெருவில் பத்தடிக்கு ஒருவர், "உள்ளே வந்து பாருங்கள் சார்" என்று வழி மறிப்பார். அப்படி இழுபட்டு நுழைந்த ஒரு பழம்பொருள் கடையில்தான் அந்தச் சித்திரத்தைக் கண்டேன். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படம். நகல்தான், ஆனாலும் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது.

பொழுது சாயும் நேரம், சாலையோரத்து ஊர். விடுதிப் பெண்கள் வழிப்போக்கர்களைப் பிடித்து இழுக்கிறார்கள். ஒருவருக்கு மூட்டை முடிச்சு கழுத்தை நெரிக்கிறது, ஆள் திணறுகிறார். ஏற்கனவே அகப்பட்டுக்கொண்ட ஒருவர் விடுதித் திண்ணையில் செருப்பைக் கழற்றுகிறார். அவர் கால் கழுவ வாளியில் தண்ணீர் வருகிறது. ஸ்டேஷன் வாசலில் லாட்ஜ் ஆட்கள் பயணிகளின் பெட்டியைப் பிடுங்குவதைத் தினமும் பார்ப்பவன் நான். சிரிக்காமல் என்ன செய்வேன்!

வரைந்தவர் ஹிரோஷிகே (1797–1858). ஊரின் பெயர் கோயு. எடோவிலிருந்து (இன்றைய டோக்கியோ) கியோட்டோவுக்குப் போன தோகாய்தோ சாலை சுமார் 500 கிலோமீட்டர். வழியில் தங்கிச் செல்ல 53 ஊர்கள். இரு முனைகளையும் சேர்த்து 55 படங்களாக 1833–34 வாக்கில் வெளியிட்டார்கள். கோயு 35ஆவது ஊர். அடுத்த ஊரான அகாசாகா இரண்டு கிலோமீட்டர்கூட இல்லை. இங்கே விட்டால் ஆள் அங்கே போய்விடுவான். அதனால்தான் இந்த இழுபறி. இச்சாலையின் ஊர்கள் சர்க்கார் போக்குவரத்துக்கு 100 ஆட்களும் 100 குதிரைகளும் தயாராக வைத்திருக்க வேண்டுமென்று உத்தரவு வேறு.

ஹிரோஷிகேயும் உத்தியோகஸ்தர்தான். தகப்பனார் வழி வந்த தீயணைப்புக் காவல் வேலை, சம்பளம் சொற்பம். வேலை நேரம் போகப் படம் போட்டார். அந்தப் பாடு எனக்குத் தெரியும்.

அவர் வரைவதோடு சரி. பலகையில் செதுக்குபவர் ஒருவர், காகிதத்தில் அச்செடுப்பவர் வேறொருவர். நிறத்துக்கு ஒரு பலகையாக, கையாலேயே தேய்த்து எடுப்பார்கள். விடுதியில் தொங்கும் பலகைகளில் இந்தத் தொழிலாளிகளின் பெயர்களும் இருக்கின்றன. பெரிய வட்டத்தில் பதிப்பாளரின் விளம்பரம்! மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயணச் சுவரோவியங்கள் அரசர்களுக்காக எழுதியவை. இதுவோ சாமானியனும் காசு கொடுத்து வாங்கிப் போனது.

நம்மிடமும் சாலைகள் இருந்தன. ராமேஸ்வர யாத்திரீகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டு முத்தம்பாள் சத்திரம் 1802இல் இரண்டாம் சரபோஜி கட்டியது. அங்கே யாரும் பெட்டியைப் பிடுங்க வேண்டியதில்லை; சோறு இலவசம். கொல்லம்–செங்கோட்டை ரயில் 1904இல் வருமுன் என் பாட்டனாரின் தகப்பனார் அந்தக் கணவாய் வழியே தலைச்சுமையோடு நடந்து வந்தவர். அவர் எந்தத் திண்ணையில் படுத்தார், எந்தச் சுமைதாங்கியில் பாரம் இறக்கினார் என்று காட்ட ஒரு படமும் எங்கள் வீட்டில் இல்லை.

தோகாய்தோவில் 1889இல் ரயில் முழுவதுமாக ஓடத் தொடங்கியது. 1964இல் அதிவேக ரயில். கோயுவின் பைன் மரச் சாலையை மட்டும் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.

சுமைதாங்கிக்கு மலையாளத்தில் அத்தாணி என்று பெயர். நெடும்பாசேரி விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அந்தப் பெயரில் ஒரு பஸ் ஸ்டாப் உண்டு. கண்டக்டர் "அத்தாணி, அத்தாணி" என்று கூவுகிறார். பெட்டியும் கையுமாக ஜனங்கள் இறங்குகிறார்கள்.