காட்டுத் தைம் பூண்டும் மேய்ச்சலும்

இங்கிலாந்தின் சுண்ணாம்புக்கல் மேடுகளிலும் வறண்ட மேய்ச்சற் சரிவுகளிலும் தரையோடு தரையாய்ப் படரும் சிறு பூண்டு காட்டுத் தைம் எனப்படும். துளசி, புதினா முதலியவை சேர்ந்த குடும்பத்தைச் சார்ந்தது இது. ஓமத்துக்கு மணம் தரும் தைமால் என்னும் சத்து தைம் ஜாதிகள் பலவற்றிலும் உண்டு.

பூண்டின் அமைப்பு

இது பல வருஷங்கள் உயிர் வாழ்வது. அடித்தண்டு கட்டைபோல் இறுகி, கணுக்களில் வேர்விட்டுப் பாய்போல் பரவும். பூக்குந்தண்டு நாற்பட்டையானது, எதிரெதிரான இரு பட்டைகளில் மட்டுமே மயிர் அடர்ந்திருக்கும். இலைகள் மிகச் சிறியவை; எதிரெதிராக அமைந்து எண்ணெய்ச் சுரப்பிகள் கொண்டவை. கோடையில் ஊதா கலந்த செந்நிறப் பூக்கள் கொத்தாக மலரும். சில செடிகளில் பூக்கள் இருபாலானவை. வேறு சிலவற்றில் பெண்பாலானவை மட்டுமே. இருபாற் பூவில் மகரந்தம் முதலில் முதிர்ந்து, சூல்முடி பின்னரே பக்குவமடையும். ஆகவே தேனீ முதலிய பூச்சிகளின் உதவி இதற்கு அவசியமாகிறது. ஒரு பூ நான்கு விதைகள் வரை தரும்.

பூண்டை அண்டிய பட்டாம்பூச்சி

பெரிய நீலப் பட்டாம்பூச்சி இப்பூண்டின் மொட்டுகளில் முட்டையிடும். புழு இரண்டு மூன்று வாரம் பூவைத் தின்று, பின் தரையில் விழும். ஒருவகைச் செவ்வெறும்பு அதைத் தன் குஞ்சென்று மயங்கிப் புற்றுக்குள் தூக்கிச் செல்ல, அது அங்கே எறும்புக் குஞ்சுகளையே தின்று வளரும். அவ்வெறும்போ புல் குட்டையாயிருந்து வெயில்படும் சூடான மண்ணிலன்றிப் பெருகுவதில்லை.

மேய்ச்சல் நின்றதன் விளைவு

பட்டாம்பூச்சி பிடிப்போரைத் தடுக்கவேண்டிச் சில இடங்களில் வேலி போடப்பட்டது. வேலி கால்நடைகளையும் தடுத்தது. 1953-ல் இங்கிலாந்தில் பரவிய கொள்ளைநோயால் புல்லைக் கறித்துவந்த முயல்களும் பெருந்தொகையாய் மாண்டன. புல் உயர்ந்தது, மண் குளிர்ந்தது, எறும்பு அருகியது. பூண்டு மிஞ்சியிருந்த இடங்களிலுங்கூடப் பட்டாம்பூச்சி பிழைக்கவில்லை. ஜெரிமி தாமஸ் என்பவர் 1972 முதல் ஆராய்ந்து இக்காரணத்தைக் கண்டறிந்தார். எனினும் 1979-ல் அத்தேசத்தில் அந்த இனம் அற்றுப்போயிற்று. 1983 முதல் சுவீடனிலிருந்து கொணர்ந்த புழுக்களை, மேய்ச்சலால் சீர்செய்த சரிவுகளில் விட்டபின்னரே அது மீண்டும் நிலைபெற்றது.

அளவான மேய்ச்சல் நிலத்தைக் கெடுப்பதன்று. பூக்குங்காலத்தில் குறைத்தும், ஏனைய காலத்தில் முறையாகவும் நடத்துவதே நலம். வேலியிட்டு மூடிவிடுவது மட்டும் காப்பாகாது என்பது நிலமுடையோர் கருத்திற்கொள்ளத் தக்கது.