புதுக் கணினி வாங்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய நான்கு சொற்கள்

வீட்டுக் கணினி மெதுவாகிவிட்டது என்று கடைக்குக் கொண்டு போனால், “இது பழசு, புதுசு வாங்கிவிடுங்கள்” என்ற பதில்தான் பல நேரங்களில் கிடைக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு எழுதும் பிள்ளை இருக்கும் வீட்டில் அதை மறுத்துப் பேசவும் முடிவதில்லை. கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் தவணைக்குக் கணினி வாங்கும் குடும்பங்களுக்கு இது பெரும் சுமை. ஆனால் கணினி முழுவதும் ஒரே நாளில் கெட்டுப் போவது அரிது. பெரும்பாலும் ஒரு பாகம்தான் பழுதாகியிருக்கும். அது எந்தப் பாகம் என்று கேட்க நான்கு சொற்கள் தெரிந்திருந்தால் போதும்.

கையால் தொடக்கூடிய பாகங்கள் எல்லாம் வன்பொருள். அவற்றை இயக்கும் கட்டளைத் தொகுப்பு மென்பொருள். மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு அஞ்சல் ஒரு மென்பொருள். அதில் தமிழ் எழுத நாம் தட்டும் விசைப்பலகை வன்பொருள்.

இனி, கணினியை ஒரு வாழையிலைச் சாப்பாட்டுக் கடையாக எண்ணிக்கொள்ளலாம்.

செயலி

‘பிராசசர்’ எனப்படும் செயலிதான் சமையல்காரர். கணக்குகளை எல்லாம் செய்வது இதுவே. இதன் வேகத்தை கிகாஹெர்ட்ஸில் குறிப்பிடுவார்கள். ஒரு கிகாஹெர்ட்ஸ் என்பது வினாடிக்கு 100 கோடித் துடிப்பு. அமெரிக்காவின் இன்டெல் நிறுவனம் தன் முதல் வெளிநாட்டு ஆலையை 1972இல் பினாங்கு பாயான் லெப்பாஸில்தான் தொடங்கியது. செயலி எளிதில் கெடுவதில்லை.

நினைவகம்

‘ரேம்’ எனப்படும் நினைவகம் சமையல் மேடை போன்றது. அப்போது நடக்கும் வேலைக்கு வேண்டியவை மட்டும் இதில் இருக்கும். மின்சாரம் நின்றால் அவை அழிந்துவிடும். மேடை சிறிதாக இருந்தால் சமையல்காரர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் வேலை தடைபடும். 4 கிகாபைட் ரேம் உள்ள கணினியில் பல இணையப் பக்கங்களை ஒன்றாகத் திறந்தால் நேர்வது இதுதான். பல கணினிகளில் இதைக் கூட்டிக்கொள்ளலாம். சில மடிக்கணினிகளில் ரேம் பலகையோடு ஒட்டப்பட்டிருப்பதால் கூட்ட முடியாது. டிடிஆர்3 வகைக்கு உரிய இடத்தில் டிடிஆர்4 பொருந்தாது.

சேமிப்பகம்

இது கடையின் சாமான் அறை. படங்களும் பாடங்களும் நிலையாக இருக்கும் இடம். பழைய ‘ஹார்ட் டிஸ்க்’ நிமிடத்திற்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும் தட்டு. ‘எஸ்.எஸ்.டி.’யில் சுழலும் பாகமே இல்லை. அதனால் தேடியதை உடனே எடுத்துத் தரும். பழைய கணினியில் இதை மாற்றினாலே பெரிய வேறுபாடு தெரியும். 1 டெராபைட் வாங்கினால் விண்டோஸ் 931 கிகாபைட் என்றுதான் காட்டும். இது ஏமாற்று அல்ல. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்குகிறார். விண்டோஸ் 1,024 ஆல் வகுக்கிறது.

மின்வழங்கி

‘பவர் சப்ளை’ வீட்டு மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட்டாக மாற்றித் தருகிறது. கடைக்கு வரும் எரிவாயு போல என்று சொல்லலாம். இடிமின்னல் அதிகமுள்ள கிள்ளான் பள்ளத்தாக்கில் முதலில் அடிபடுவது பெரும்பாலும் இதுதான். இது மட்டும் எரிந்து போன மேசைக்கணினியைச் ‘செத்துவிட்டது’ என்று ஒதுக்கிவிடக் கூடாது.

குறையை எப்படிக் கண்டறிவது?

விண்டோஸில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். வழக்கமான வேலையின்போது ‘மெமரி’ எப்போதும் 90 விழுக்காட்டைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. ‘டிஸ்க்’ 100 விழுக்காட்டிலேயே நின்றால் சேமிப்பகத்தைச் சோதிக்க வேண்டும்.

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14இல் நிறுத்தியது. 2017க்கு முன் வந்த பெரும்பாலான செயலிகள் விண்டோஸ் 11இன் தகுதிப் பட்டியலில் இல்லை. அதனால் அந்தக் கணினி நின்றுவிடாது. ஆனால் பாதுகாப்புப் புதுப்பித்தல் இல்லாமல் அதில் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. வேண்டுமானால் இலவசமான லினக்ஸை நிறுவிக்கொள்ளலாம். அதிலும் தமிழில் எழுதலாம்.

கடைக்குப் போகும் முன் முக்கியக் கோப்புகளை வேறொன்றில் படியெடுத்து வைப்பது அவசியம். அங்கே மூன்று கேள்விகளைக் கேட்க வேண்டும்: எந்தப் பாகம் பழுது? அதை மட்டும் மாற்ற எவ்வளவு? கழற்றிய பாகம் திரும்பக் கிடைக்குமா? கழற்றியது சேமிப்பகம் என்றால் கேட்டு வாங்கியே ஆக வேண்டும். குடும்பப் படங்களும் அடையாள அட்டை நகல்களும் அதில்தான் இருக்கின்றன.

இந்த மூன்று கேள்விகளுக்கும் தெளிவான பதில் வராத கடையில் புதுக் கணினி வாங்க அவசரப்பட வேண்டியதில்லை.