சுரங்கப் பள்ளத்தின் ஓரத்தில் ஓடையைத் திருப்பினால் சாலை ஏன் சரிகிறது?

2011 பிப்ரவரியில் கனமழைக்குப் பிறகு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் மோர்வெல் நகரை ஒட்டிச் செல்லும் பிரின்சஸ் நெடுஞ்சாலையில் விரிசல் விழுந்தது. மெல்பர்னிலிருந்து கிழக்கே போகிறவர்களுக்கு அதுதான் முதன்மைச் சாலை. போக்குவரத்தை உடனே நிறுத்தினார்கள். மீண்டும் திறக்கப் பல மாதங்கள் ஆயின. சாலைக்குத் தெற்கே ஹேசல்வுட் சுரங்கத்தின் ஆழமான பள்ளம். இரண்டுக்கும் நடுவே நகரின் மழைநீர் ஓடும் வடிகால். வாகனங்களின் பாரம் செய்த வேலை அல்ல அது; நிலத்துக்குள் இறங்கிய நீர் செய்தது.

அங்கே வெட்டுவது பழுப்பு நிலக்கரி, நெய்வேலிக்காரர்களுக்குப் பழக்கமான வகை. அதன் எடையில் பாதிக்கும் மேல் ஈரம்தான். பாறையோடு ஒப்பிட்டால் மிக இலேசானது. அதில் செங்குத்தாகப் பிளவுகள் ஓடும். அடியில் வழுக்கும் களிமண் படுகை. பள்ளம் தோண்டியதும் ஒரு பக்கத்துத் தாங்கல் போய்விடுகிறது. சரிவு மெல்லப் பள்ளத்தின் பக்கம் சாய, பின்னாலுள்ள பிளவுகள் வாய் திறக்கின்றன.

இங்கே பலரும் தவறவிடும் ஒன்று உண்டு. பிளவுக்குள் எவ்வளவு நீர் இருக்கிறது என்பது முக்கியமல்ல, எவ்வளவு உயரத்துக்கு நிற்கிறது என்பதே முக்கியம். விரல் மட்டும் நுழையக்கூடிய பிளவானாலும், 10 மீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அடியில் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 10 டன் அழுத்தம் விழும். இலேசான நிலக்கரிப் பாளத்தைக் களிமண்மேல் தள்ளிவிட அது போதும். ஓரத்தில் ஓடும் ஓடை அந்தப் பிளவை ஓயாமல் நிரப்பிக்கொண்டே இருக்கும்.

2007 நவம்பரில் பக்கத்திலிருக்கும் யாலோர்ன் சுரங்கத்தில் இதுதான் நடந்தது. வடகிழக்குச் சரிவில் ஏறத்தாழ அரை கிலோமீட்டர் நீளத்துக்கு நிலம் சரிந்து, லட்ரோப் ஆறு பள்ளத்துக்குள் பாய்ந்தது. பிளவுகளில் சேர்ந்த நீரின் அழுத்தமே காரணம் என்று அரசு விசாரணை பின்னர் சொன்னது.

அதே சுரங்கத்தில் மோர்வெல் ஆற்றைத் திருப்பிவிட்ட கதை இன்னும் கவலை தருவது. நிலக்கரிக்கு வழிவிட, 2005-இல் இரண்டு பள்ளங்களுக்கு நடுவே மண்கரை எழுப்பி ஆற்றை அதன்மேல் ஓடவிட்டார்கள். நீளம் சுமார் 3.5 கி.மீ. முறையான அனுமதி இருந்தது, பொறியாளர்களின் வடிவமைப்பும் இருந்தது. இருந்தும் 2012 ஜூன் மழையில் கரை உடைந்து ஆறு சுரங்கத்துக்குள் புகுந்தது. நிலக்கரி வராமல் மின் உற்பத்தி வெகுவாகக் குறைந்தது. சீரமைத்த கரையில் 2021 ஜூனில் மறுபடி விரிசல். மாநில அரசு எரிசக்தி அவசரநிலையே அறிவிக்க வேண்டியதாயிற்று.

இத்தனை ஏற்பாட்டோடு செய்த திருப்பத்துக்கே இந்தக் கதி என்றால், யாரையும் கேட்காமல் பொக்லைனை இறக்கி ஓடையை வெட்டித் திருப்புவதை என்னவென்று சொல்வது? மண்ணைத் துளையிட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள். நிலத்தடி நீர்மட்டத்தை அளக்கும் குழாய் இருக்காது. புதுத் தடத்தின் அடியில் பழைய பிளவுகள் எங்கே போகின்றன என்று யாருக்கும் தெரியாது. அனுமதி என்பது வெறும் முத்திரைத் தாள் இல்லை. இந்தக் கேள்விகளை முன்கூட்டியே கேட்கவைக்கும் ஒரே வழி அது.

மூடிய சுரங்கம் என்றால் ஆபத்து கூடும். வேலை நடக்கும்வரை பம்புகள் ஓடும், சரிவைத் தினமும் அளக்க ஆள் இருக்கும். மூடியதும் பம்பு நின்றால் நிலத்தடி நீர் ஏறத் தொடங்கும். ஹேசல்வுட் 2017-இல் மூடப்பட்டது. சாலைப் பக்கச் சரிவைக் கண்காணிக்கும் வேலை அதோடு முடிந்துவிடவில்லை. சுரங்க உரிமம் கொடுக்கும்போதே இந்தப் பிற்காலச் செலவுக்கு வைப்புத்தொகை வாங்காத அரசு, அதை மக்கள் தலையில்தான் கட்டுகிறது.

பழைய பள்ளத்தின் அருகே வசிப்பவர்களே, ஒன்றைக் கவனியுங்கள். பள்ளத்தின் விளிம்புக்கு இணையாகச் சாலையில் நீளமாக விரிசல் தெரிந்தால், அல்லது நிறைய ஓடிய ஓடையில் திடீரென்று நீர் குறைந்தால், தாரை ஊற்றி மூடும்வரை காத்திருக்காதீர்கள். வண்டிகளை நிறுத்தச் சொல்லி அன்றைக்கே அதிகாரிகளுக்குத் தெரிவியுங்கள்.