பக்க விளைவைச் சொல்ல அவசரப்படுங்கள். பலனைக் கணிக்கப் பொறுத்திருங்கள்

"நேற்று எத்தனை முறை வெளியே போனீங்க? வழக்கமா எத்தனை?" மெலனோமா எனும் தோல் புற்றுநோய்க்கு இம்யூனோதெரபி எடுப்பவர்களிடம், அடுத்த டிரிப் ஏற்றுவதற்கு முன் தவறாமல் கேட்கப்படும் கேள்வி இது. பலர் கூச்சப்பட்டு "எப்பவும் போலத்தான்" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். சிலர் உண்மையைச் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்று பயந்து மறைக்கிறார்கள். இந்தச் சிகிச்சையில் ஆபத்தை வளரவிடுவது பெரும்பாலும் அந்த மறைத்தல்தான்.

இது கீமோ அல்ல. கீமோ மருந்து புற்றுநோய்ச் செல்களை நேரடியாகக் கொல்கிறது. அதன் தொல்லைகளும் ஓரளவு எதிர்பார்த்த நாளில் வந்து, எதிர்பார்த்த நாளில் போகும். இம்யூனோதெரபி புற்றுநோயைத் தொடுவதே இல்லை. நம் உடலின் நோய் எதிர்ப்புப் படையைச் சேர்ந்த டி செல்கள் அளவுக்கு மீறிப் போகாமல் இருக்க அவற்றுக்கு இயற்கையே பிரேக் வைத்திருக்கிறது. மெலனோமா அந்த பிரேக்கை அழுத்தித் தப்பித்துக்கொள்கிறது. இந்த மருந்துகள் பிரேக்கை விடுவிக்கின்றன. இதைக் கண்டறிந்ததற்காகத்தான் அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசனுக்கும் ஜப்பானின் தசுகு ஹோன்ஜோவுக்கும் 2018இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. முதல் மருந்தான இபிலிமுமாப் 2011இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பெம்ப்ரோலிசுமாப், நிவோலுமாப் ஆகிய இரண்டும் 2014இல் வந்தன.

அதற்கு முன், உடலில் பரவிவிட்ட மெலனோமா என்றால் பெரும்பாலோருக்கு ஓராண்டுகூடக் கிடைக்காது. இன்றைய நிலைமையை 'செக்மேட் 067' என்ற ஆய்வு காட்டுகிறது. இபிலிமுமாப்பையும் நிவோலுமாப்பையும் சேர்த்துப் பெற்றவர்களில் 43 சதவீதம் பேர் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள். புற்றுநோய் மருத்துவத்தில் இது அசாதாரணமான எண். அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் உண்டு: அதே கூட்டு மருந்தைப் பெற்றவர்களில் 100க்கு 59 பேருக்குக் கடுமையான பக்க விளைவுகள் வந்தன. பிரேக் விடுபட்ட டி செல்கள் கட்டியோடு நிற்பதில்லை. குடல், கல்லீரல், நுரையீரல், தைராய்டு, மூட்டு என எங்கு வேண்டுமானாலும் போய் அழற்சியை உண்டாக்கலாம்.

குடலை முதலில் எடுத்துக்கொள்வோம், ஏனென்றால் எண்ணிக்கை இங்குதான் உதவுகிறது. மருத்துவர்கள் பேதியை வெறும் தடவைக் கணக்காகப் பார்ப்பதில்லை. அவரவர் வழக்கத்தைவிட எத்தனை கூடியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். 4 முதல் 6 தடவை கூடினால் இரண்டாம் நிலை. 7 அல்லது அதற்கு மேல் கூடினால் மூன்றாம் நிலை. பொதுவாக மருத்துவமனையில் சேர்க்க வேண்டியிருக்கும். அதாவது, தினமும் ஒருமுறை போகிறவர் 5 தடவை போனாலே அழைத்துச் சொல்ல வேண்டிய கட்டம் வந்துவிட்டது. ரத்தமோ சளியோ கலந்து போனாலும், அடிவயிறு முறுக்கி வலித்தாலும் எண்ணிக்கையைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து, மருந்துக்கடையில் பேதியை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்வதுதான் இங்கே பெரிய தவறு. பேதி அடங்கியது போலத் தெரியும். உள்ளே அழற்சி வளர்ந்துகொண்டே போகும். கவனிக்காமல் விட்டால் குடலில் ஓட்டை விழும் அளவுக்குப் போகக்கூடும்.

ஹார்மோன் சுரப்பிகளின் கதை வேறு. அங்கே எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. 'அசதி' என்ற ஒற்றைச் சொல்தான் இருக்கும். புற்றுநோயாளிக்கு அசதி இருப்பது இயல்புதானே என்று வீட்டாரும் விட்டுவிடுவார்கள். ஆனால் எழுந்து பல் தேய்க்கவே தெம்பில்லாத அசதி, அதோடு விடாத தலைவலி, எழுந்தால் தலைச்சுற்றல் என்று சேர்ந்து வந்தால், மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி வீங்கியிருக்கலாம். அது கெட்டால் உடலில் கார்டிசால் எனும் ஹார்மோன் சுரப்பது நின்றுபோகும். அந்த நிலையில் ஒரு சாதாரணக் காய்ச்சல்கூட உயிருக்கு ஆபத்தாகலாம். தைராய்டு குறைந்தால் குளிர் தாங்காது, எடை கூடும், மலச்சிக்கல் வரும். இதற்குத் தினமும் ஒரு மாத்திரை போதும். இம்யூனோதெரபியைத் தொடரவும் தடையில்லை. அரிதாக, கணையத்தின் இன்சுலின் செல்களே அழிந்து, சில நாட்களிலேயே தாகமும் அடிக்கடி சிறுநீரும் வாந்தியுமாகச் சர்க்கரை எகிறும். நம் வீடுகளில் சர்க்கரை நோய் பழகிப்போன ஒன்று என்பதால் இதையும் அதே கணக்கில் சேர்த்துவிடும் அபாயம் உண்டு. இது வழக்கமான சர்க்கரை நோய் அல்ல. மாத்திரை கேட்காது, இன்சுலின்தான் வேண்டும், அதுவும் உடனே.

நுரையீரலில் அழற்சி வந்தால் வறட்டு இருமலாகத் தொடங்கும். நேற்று வரை ஏறிய படியில் இன்று பாதியில் நின்று மூச்சு வாங்கினால் அன்றே தெரியப்படுத்த வேண்டும். இதயத் தசையில் அழற்சி 100 பேரில் ஒருவருக்கு வருவதே அதிகம். ஆனால் வந்தவர்களில் கணிசமானோர் இறந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் முதல் சில வாரங்களிலேயே வரும். நெஞ்சு வலி, படபடப்பு, மூச்சுத் திணறல், இவற்றோடு தசை வலியும் கண் இமை தொங்குவதும் சேர்ந்தால் காலை வரை காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

தோலில் வரும் அரிப்பும் தடிப்பும்தான் எல்லாவற்றிலும் சகஜம். பெரும்பாலும் களிம்பிலேயே அடங்கிவிடும். தோலில் இன்னொரு மாற்றமும் வருவதுண்டு. கையிலோ முகத்திலோ வெண்புள்ளிகள் தோன்றும். மச்சத்தைச் சுற்றி வெள்ளை வளையம் விழும். புருவமும் இமை முடியும் நரைக்கும். தோலுக்கு நிறம் தரும் மெலனோசைட் செல்களிலிருந்துதான் மெலனோமா பிறக்கிறது. புற்றுநோயைத் தேடிப்போகும் டி செல்கள், அதே அடையாளத்தைச் சுமக்கும் நல்ல செல்களையும் தாக்குவதால் நிறம் போகிறது. இப்படி வெண்புள்ளி வந்த மெலனோமா நோயாளிகள் சராசரியாக அதிக காலம் வாழ்கிறார்கள் என்று பல ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நிறம் போனதற்காக மனம் உடையும் ஒருவரிடம் மருத்துவர் தைரியமாகச் சொல்லக்கூடிய நல்ல செய்தி இது.

ஆனால் இந்தச் செய்தியைத் திருப்பிப் போட்டுப் படிப்பது கூடாது. "எனக்கு ஒன்றுமே வரவில்லை, அப்படியானால் மருந்து வேலை செய்யவில்லையோ?" என்று தவிப்பவர்கள் நிறைய. எந்தத் தொல்லையும் இல்லாமலேயே கட்டி முற்றிலும் கரைந்தவர்கள் இருக்கிறார்கள். கடும் பேதியால் அவதிப்பட்டும் பலன் கிடைக்காதவர்களும் இருக்கிறார்கள். உடல் படும் பாட்டை வைத்துப் பலனை அளக்க முடியாது.

பலனை அளப்பது ஸ்கேன். பொதுவாகச் சிகிச்சை தொடங்கிச் சுமார் 12 வாரம் கழித்து முதல் சி.டி. அல்லது பெட் ஸ்கேன் எடுப்பார்கள். மூளைக்கு எம்.ஆர்.ஐ. தனி. முன்பு அளந்த கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிப் பார்க்கும்போது 30 சதவீதமாவது குறைந்திருந்தால் நல்ல பதில். 20 சதவீதம் கூடியிருந்தால் நோய் முன்னேறுகிறது என்று பொருள். கீமோவில் கணக்கு அத்தோடு முடிந்தது. இம்யூனோதெரபியில் முடியவில்லை. கட்டிக்குள் டி செல்கள் கூட்டமாகப் புகுந்தால் அது முதலில் வீங்கித் தெரியும், பிறகுதான் சுருங்கும். மெலனோமா நோயாளிகளில் 100க்கு 10 பேருக்கும் குறைவாகவே இப்படி நடக்கிறது. என்றாலும், அந்தச் சிலரின் மருந்தை அவசரப்பட்டு நிறுத்திவிடக் கூடாது என்பதற்காக 2017இல் அளவீட்டு விதிகளே திருத்தப்பட்டன. முதல் ஸ்கேனில் பெரிதாகத் தெரிந்தாலும், நோயாளி நன்றாக இருந்தால் 4 முதல் 8 வாரம் விட்டு மறுபடி பார்ப்பார்கள்.

'நன்றாக இருந்தால்' என்பதுதான் இதில் முக்கியம். பசி திரும்பியிருக்கிறதா, எடை நிற்கிறதா, வலி மாத்திரை குறைந்திருக்கிறதா, ரத்தத்தில் எல்.டி.ஹெச். எனும் நொதியின் அளவு இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஸ்கேனில் கட்டி வளர்ந்து, ஆளும் இளைத்து, எல்.டி.ஹெச்.சும் ஏறினால் அது பெரும்பாலும் நிஜமான வளர்ச்சிதான். வீக்கம் என்று ஆறுதல் சொல்லி மாதங்களைக் கழிப்பது நோயாளிக்குச் செய்யும் அநியாயம். கூட்டு மருந்திலும் 10 பேரில் சுமார் 4 பேருக்குக் கட்டி சுருங்குவதில்லை. அவர்களுக்கு வேறு வழிகளை நேரத்தோடு பார்க்க வேண்டும். பி-ராஃப் மரபணு மாற்றம் உள்ளவர்களுக்கு அதைக் குறிவைக்கும் மாத்திரைகள் இருக்கின்றன.

மருந்தை நிறுத்திவிடுவார்களோ என்ற பயத்துக்கும் பதில் உண்டு. கடும் பக்க விளைவால் கூட்டு மருந்தைப் பாதியிலேயே நிறுத்தியவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, நிறுத்தாதவர்களுக்கு இணையாகவே அவர்களுக்கும் பலன் நீடித்தது தெரிந்தது. விழித்துக்கொண்ட டி செல்கள் மருந்து நின்ற பிறகும் வேலை செய்கின்றன. பக்க விளைவுக்குத் தரும் ஸ்டீராய்டை நினைத்தும் பயந்து ஒளிக்க வேண்டாம். அது வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டிய மருந்து. இரண்டு நாளில் சரியாகிவிட்டது என்று நீங்களாக நிறுத்தினால் அழற்சி திரும்பி வரும்.

ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும்தான் மெலனோமா உலகிலேயே அதிகம். கருந்தோல் கொண்ட நம்மவர்களுக்கு இது அரிது; வந்தால் பெரும்பாலும் உள்ளங்காலிலோ நகத்துக்கு அடியிலோ வரும். ஆறாத புண், நகத்தில் கருங்கோடு என்று தாமதமாகவே கண்டுபிடிக்கப்படும். இந்த வகைக்கு இம்யூனோதெரபியின் பலன் சற்றுக் குறைவு என்பதையும் சொல்ல வேண்டும். ஆனால் இதே மருந்துகள் நுரையீரல், சிறுநீரகப் புற்றுநோய்களுக்குத் தமிழ்நாட்டிலும் தரப்படுகின்றன. பக்க விளைவின் அடையாளங்கள் அங்கும் இவையேதான்.

கடைசி டிரிப் முடிந்து பல மாதங்கள் கழித்தும், சிலருக்கு ஓராண்டு தாண்டியும், இந்த அழற்சிகள் தலைகாட்டலாம். அப்போது பார்ப்பது புற்றுநோய் மருத்துவராக இருக்காது. இரவு நேர அவசரப் பிரிவில் உங்களை முதல்முறையாகப் பார்க்கும் ஓர் இளம் டாக்டராக இருக்கலாம். புற்றுநோய்க்கு மருந்து எடுத்தவர் என்று மட்டும் சொன்னால் அவர் கீமோ என்றே எடுத்துக்கொள்வார். பேதிக்கு ஆன்டிபயாடிக் தருவார். "நான் இம்யூனோதெரபி எடுத்தவன்" என்பதையும், மருந்தின் பெயரையும், கடைசியாக ஏற்றிய தேதியையும், உங்கள் புற்றுநோய்ப் பிரிவின் தொலைபேசி எண்ணையும் ஒரு அட்டையில் எழுதி பர்ஸில் வையுங்கள். கூட இருப்பவருக்கும் அது எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கட்டும்.